சாயத்தில் தெரிந்த ரத்தம்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சின்னாளபட்டிக்குப் போயிருந்தேன். கடைத் தம்பி ஒவ்வொன்றாக உதறி விரித்துக்கொண்டே வந்தான். "இதப் பாருங்கக்கா, இப்பத்தான் பட்டறையில இருந்து வந்துச்சு" என்று அவன் போட்ட ஒரு சுங்குடியில் என் கை நின்றுவிட்டது. உடல் முழுக்க வெளிர் ரோஜா. கரையிலும் அங்கங்கே சிதறிய பூக்களிலும் அடர்ந்த ஊதா. கஞ்சியின் மொடமொடப்போடு புதுச் சாய வாசனையும் எழுந்து வந்தது. அந்த இரண்டு நிறத்தையும் நான் எத்தனையோ வருஷம் கண்ணாடித் துண்டில், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பார்த்தவள். லீஷ்மன் சாயம் ஏற்றிய ரத்தம் அப்படித்தான் இருக்கும். சிவப்பணுக்கள் வெளிர் ரோஜாவாக நிரவிக் கிடக்கும். நடுநடுவே வெள்ளை அணுக்களின் உட்கரு ஊதாவாகத் தெரியும்.

எங்களுடையது சாயப்பட்டறை வீடு. பின்கட்டில் தொட்டிகள் இருக்கும். நூல் சிட்டங்களைக் கம்பில் கோத்து அப்பா சாயத்தில் முக்கி எடுப்பார். சொட்டச் சொட்டத் தூக்கி வெயிலில் ஒரு கணம் பார்ப்பார், மறுபடி முக்குவார். அளவுக்கோப்பை, தராசு எல்லாம் இருந்தாலும் கடைசி முடிவு கண்ணுடையதுதான். போன தடவை கொடுத்த நூலும் இந்தத் தடவை கொடுக்கும் நூலும் ஒரே நிறமாக இல்லாவிட்டால் நெசவுக்காரர் வாங்க மாட்டார். கோடையில் கிணறு வற்றித் தண்ணீர் உப்பேறினால் அதே சாயம் வேறு நிறம் காட்டும். "தண்ணியப் பாத்துட்டுத்தான் சாயத்தைத் தொடணும்" என்பார் அப்பா. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் கையை நீட்டினாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

சின்னாளபட்டியை ஒட்டியே காந்திகிராமம். அம்பாத்துரை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் மரங்களுக்கு நடுவே கதர் உடுத்தியவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். கிழக்கே சிறுமலை நீலமாக நிற்கும். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம் அது. சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே முதல் கணவரை இழந்தவர். டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் டாக்டருக்குப் படித்துவிட்டு, பட்டணத்தில் இருந்துவிடாமல் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தார். கஸ்தூரிபா மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள், கிராமியப் பல்கலைக்கழகம், கிராமச் சுகாதாரத்துக்கென்று ஒரு பயிற்சி நிறுவனம் என்று அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. ஒரு பெண் பிள்ளை படித்து வேலைக்குப் போவது எங்கள் தெருவில் பேச்சாக இருந்த காலத்தில், "சௌந்தரம் அம்மா படிக்கலையா?" என்ற ஒரே கேள்வியில் என் அம்மா எல்லோர் வாயையும் அடைத்தாள். அப்படித்தான் நான் மதுரைக்குப் போய் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ஊருக்குத் திரும்பி, காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

லேப் என்றால் ஒரே அறை. வடக்குப் பார்த்த ஜன்னல். அதன் கீழே கல் பலகை, அதில் மைக்ராஸ்கோப். ஹீமோகுளோபின் பார்க்கச் சாலிக் குழாய் இருந்தது. ரத்தத்தை ஆசிடில் விட்டால் பழுப்பாகும். பக்கத்தில் வைத்திருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மற்றவர்கள் தடுமாறுவார்கள். எனக்கு அது அப்பாவின் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கணம் பார்த்தால் போதும். வெள்ளை அணுக்களை எண்ணுவதற்குக் கோடு போட்ட நியூபார் கண்ணாடி இருந்தது. ரத்தத்தைக் கலக்கும் திரவத்தில் ஊதாச் சாயம் ஒன்று இருக்கும். சிவப்பணுக்கள் கரைந்துபோய், வெள்ளை அணுக்கள் மட்டும் சாயம் பிடித்துக் கட்டங்களுக்குள் கிடக்கும். எண்ணி எழுத வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஸ்மியர். ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் இழுத்தால் நாக்கு வடிவில் மெல்லிய படலம் விழும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, சற்றுப் பொறுத்து இரட்டிப்பு பஃபர் தண்ணீர் விட்டு, ஊறவைத்துக் கழுவ வேண்டும். இங்கேயும் தண்ணீர்தான் கணக்கு. அமிலம் கூடினால் எல்லாம் சிவக்கும், காரம் கூடினால் எல்லாம் நீலமாகும். முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சொன்ன அதே பாடம்.

வாரத்துக்கு ஒரு நாள் மதுரையிலிருந்து வரும் பெத்தாலஜி டாக்டரம்மா நான் சிரித்ததைக் கவனித்துவிட்டார். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "உங்க அப்பா தொழிலுக்கும் இதுக்கும் நெசமாவே சொந்தம் உண்டும்மா" என்று ஆரம்பித்தார். லீஷ்மன் சாயத்தில் இருக்கும் மெத்திலீன் நீலம் 1876இல் ஜெர்மனியில் துணிக்குச் சாயம் போடுவதற்காகச் செய்யப்பட்டது. இன்னொரு பொருளான ஈயோசினும் அதே காலத்துத் துணிச் சாயம்தான். பால் எர்லிக் என்ற இளம் டாக்டர் அந்தச் சாயங்களை ரத்தத்தில் ஊற்றிப் பார்த்தார். ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு நிறத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவரை ஒரே மாதிரித் தெரிந்த வெள்ளை அணுக்களை வகை வகையாகப் பிரித்துப் பேர் வைக்க முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்த தன் கலவையை லீஷ்மன் 1901இல் வெளியிட்டார். அன்று சாயங்காலம் இதையெல்லாம் வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா தன் நீலம் பாய்ந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ரத்தம் எங்கே ஊறுகிறது என்பதையும் டாக்டரம்மாதான் மனதில் படும்படி சொன்னார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் அதன் பிறப்பிடம் என்று 1868இல் நாய்மன் என்ற ஜெர்மானியரும் பிட்சோசெரோ என்ற இத்தாலியரும் கண்டு சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஏறக்குறைய எல்லா எலும்பிலும் ரத்தம் ஊறும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா இவற்றில்தான் பெரும்பகுதி. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கே பிறக்கின்றன. சிவப்பணு 120 நாள் வரை உழைக்கும். ரத்தக் கசிவை நிறுத்தும் தட்டணுவுக்கு ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. இத்தனைக்கும் மூலம் மஜ்ஜையில் கொஞ்சமே கொஞ்சமாக இருக்கும் ஸ்டெம் செல்கள். அவை விதைநெல் போல. அது கெட்டால் எந்த அணுவுக்கும் மறு விளைச்சல் இல்லை.

அதனால்தான் மஜ்ஜை நோய் மூன்று பக்கமாக முகம் காட்டும். சிவப்பணு குறைந்தால் மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். தட்டணு குறைந்தால் ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் கன்றிப்போகும், பெண்களுக்குத் தூரம் நிற்காது. வெள்ளை அணு குறைந்தால் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். எங்கள் பக்கம் இவற்றில் முதலாவதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். "ரத்தம் பத்தலையாம், டானிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் ஈரலுமாகத் தேடி அலைவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவுதான். கீரையும் மாத்திரையும் போதும். அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது ஒருவர் வேறு நோயோடு வந்து நிற்பார். அவரைத் தனியே கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

அப்படி வந்தவன் ஒரு தறிக்காரப் பையன். கல்யாணம் ஆகிச் சில மாதம். அவனோடு வந்த அம்மா, "பல்லு விளக்கினா தம்பிக்கு ரத்தமா வருதும்மா, தொடையெல்லாம் நீலமாக் கன்னிப்போய்க் கெடக்கு" என்றாள். அதற்கு முன்பே எங்கெங்கோ காட்டி, சத்து மாத்திரையும் டானிக்கும் நிறையச் சாப்பிட்டிருந்தான். விரலில் குத்தினேன். குத்திய இடத்தில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே இருக்கிறது.

சாலிக் குழாயில் ஹீமோகுளோபின் நாலைத் தாண்டவில்லை. நியூபார் கட்டங்களில் வெள்ளை அணுக்களைத் தேட வேண்டியிருந்தது. ஸ்மியரைப் பார்த்தேன். நல்ல ரத்தத்தில் ஆயில் லென்ஸ் வைத்தால் ஒரு பார்வை வட்டத்துக்குள் பத்துப் பதினைந்து தட்டணுக்கள் சின்னச் சின்ன ஊதாத் துணுக்குகளாகத் தெரியும். இவன் ஸ்லைடில் வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டே போனேன், ஒன்றிரண்டுகூட அகப்படவில்லை. சாயம் சரியில்லையோ என்று பக்கத்திலிருந்த இன்னொருவர் ஸ்லைடைப் பார்த்தேன். அதில் எல்லாம் இருந்தன. டாக்டரம்மா வந்ததும் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "மூணும் இறங்கியிருக்கு. மஜ்ஜையைப் பாக்கணும்" என்றார்.

அந்தக் காலத்தில் எலும்பு மஜ்ஜை டெஸ்ட் என்றால் வீடே அழும். "எலும்புல இருந்து தண்ணி எடுக்கப்போறாங்க, கைகால் விளங்காமப் போயிரும்" என்பார்கள். முதுகுத்தண்டில் ஊசி போடுவதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பின்பக்க இடுப்பெலும்பில் இன்னோர் ஊசியைச் செலுத்திச் சிறிதளவு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பதுதான். உறிஞ்சும் கணத்தில் வலி சுரீரென்று இழுக்கும், பிறகு அடங்கிவிடும். நடக்கும் காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டாக்டரம்மா அந்தப் பையனின் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் இடுப்பெலும்பையே தொட்டுக்காட்டி விளக்கினார். அவள் தலையாட்டினாள். மதுரையில் எடுத்தார்கள். அணுக்கள் நெருங்கி இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மட்டுமே இருந்தது. ஏபிளாஸ்டிக் அனீமியா.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவரும் அதே எர்லிக்தான். 1888இல், கர்ப்பிணியான ஓர் இளம்பெண் காய்ச்சலும் ரத்தக் கசிவுமாக இறந்துபோனாள். அவள் தொடையெலும்பில் சிவந்த மஜ்ஜைக்குப் பதிலாக வெறும் கொழுப்பைக் கண்டார். ரேடியத்தோடு வாழ்நாளைக் கழித்த மேரி கியூரி 1934இல் இறந்ததும் இதே நோயால். கதிர்வீச்சு, பென்சீன், அந்நாளில் டைபாய்டுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட குளோராம்ஃபெனிகால் இவையெல்லாம் காரணமாகலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வெளிக்காரணம் ஒன்றும் அகப்படாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைத் தாக்கிவிடும். "சாய நூல்லயே இருந்தானே, அதான் வந்துச்சா?" என்று அவன் அப்பா கேட்டபோது டாக்டரம்மா, "அப்படிச் சொல்லிற முடியாதுய்யா. நீங்க யாரும் பண்ண தப்பு இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மனிதர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலூருக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983இல் மும்பை டாடா மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மம்மன் சாண்டி 1986இல் தொடங்கினார். இந்தப் பையன் போனபோது அது சில வருஷமே ஆன சிகிச்சை. தறி ஒன்றை விற்று, நகையை அடகு வைத்து, பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறிப் போனார்கள். உடன்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே இருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். இவனுக்கு அக்கா ஒருத்தி, தம்பி ஒருவன். இரண்டு பேரும் பொருந்தவில்லை.

ஊர் திரும்பினான். ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் நாளைக் கடத்த முடிந்தது. அப்போது ரத்தம் கொடுப்பதென்றால் எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகளுக்கே பயம். கொடுத்தவன் தறியில் உட்கார முடியாது, ஆண்மை போய்விடும் என்றெல்லாம் பேச்சு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் நிற்பார்கள். ஆனால் அந்தத் தறித்தெரு அவனுக்காக எழுந்து வந்தது. பாவு நீட்டுகிறவர், தார் சுற்றும் பிள்ளை, கணக்குப்பிள்ளை, டீக்கடைக்காரர் என்று முறை வைத்து வந்து கை நீட்டினார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அவன் அம்மா முட்டையும் பாலும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் அடுத்த பொங்கலைப் பார்த்தான். அதற்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சலை அவன் உடம்பால் எதிர்க்க முடியவில்லை. எதிர்க்க அணு இல்லை. அவன் பேருக்கு எதிரே ரிஜிஸ்டரில் நான் எழுதிய எண்கள் இப்போதும் எனக்கு மனப்பாடம்.

மூன்றும் இறங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த முடிவு இல்லை என்று காட்டிய ஒரு பெரியவரையும் சொல்ல வேண்டும். கோயில் பூசை வேலை, சைவச் சாப்பாடு, அதிலும் ஒரு வேளைதான். நாக்கு வழவழத்து வெளுத்திருந்தது, கால் மரத்துப்போகிறது என்றார். கவுண்ட் பார்த்தால் ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு மூன்றும் குறைவு. பேப்பரைப் பார்த்த மகன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தறிக்காரப் பையனின் கதை தெரியும். நான் ஸ்மியரைப் பார்த்தேன். சிவப்பணுக்கள் குறைவுதான், ஆனால் பெரிது பெரிதாக, முட்டை வடிவில் இருந்தன. வெள்ளை அணுவின் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். இவருக்கு ஐந்து, ஆறு மடல். டாக்டரம்மா பார்த்ததும் நிமிர்ந்து, "மஜ்ஜை செத்துப் போகல. வேலை செய்யச் சாமான் இல்லாமத் தவிக்குது" என்றார். பி12 வைட்டமின் குறைவு.

ஊசி போட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் அவர் ரத்தத்தை நீலச் சாயத்தோடு கலந்து ஊறவைத்துப் பார்த்தபோது, வலைப்பின்னல் தெரியும் இளம் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. மஜ்ஜை மறுபடி உழைக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த ஸ்லைடை மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, அழுதுவிட்டான். அந்தப் பெரியவர் பிறகு பல வருஷம் மார்கழியில் எங்கள் லேபுக்குப் பொங்கல் கொடுத்தனுப்பினார்.

சிவப்பணு பெரிதாகும் இந்த வகைச் சோகையைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் நம் நாட்டுப் பெண்களுக்கும் பங்கு உண்டு. 1928இல் இங்கிலாந்திலிருந்து லூசி வில்ஸ் என்ற டாக்டர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான உணவு அவர்களைத் தேற்றுவதைக் கண்டார். அதற்குள் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பேர் பெற்றது. இன்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிக்கு இரும்போடு சேர்த்துக் கொடுக்கும் அந்த மாத்திரைக்குப் பின்னால் பம்பாய்ப் பெண்களின் ரத்தம் இருக்கிறது.

பிறகு நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காட்டு அம்மா. மல்லிகை பறிக்கிறவர். விடிவதற்கு முன்னே எழுந்து தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டு எடுக்கிற வேலை. வயிற்றில் இடப்பக்கம் கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிவிடுகிறது என்று வந்தார். இவருக்கு நேர் எதிர். வெள்ளை அணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஸ்லைடு முழுக்க ஊதா. மஜ்ஜையைவிட்டு வெளியே வரக் கூடாத இளம் அணுக்கள்கூட வந்து நெருக்கிக்கொண்டிருந்தன. மண்ணீரல் வீங்கியிருந்தது. நாள்பட்ட மைலாய்டு லூக்கேமியா. ஊர் வழக்கில் பிளட் கேன்சர்.

அந்த நோயின் வேரைக் கண்டதிலும் சாயத்துக்குப் பங்கு உண்டு. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு பேர் இந்த நோயாளிகளின் அணுவில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். குரோமோசோம்களில் பட்டை பட்டையாக நிறம் ஏற்றும் சாயங்கள் வந்த பிறகு, 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் அந்தப் பட்டைகளை ஒப்பிட்டு, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த மாற்றத்தால் பிறக்கும் கெட்ட புரதத்தை அடைக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பூக்காட்டு அம்மாவுக்கு நோய் தெரிந்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

மாத்திரை இருந்தது, விலைதான் எட்டவில்லை. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். இந்திய நிறுவனங்களின் மாத்திரை பத்தாயிரத்துக்குள். நோவார்ட்டிஸ் மாத்திரைக்குக் காப்புரிமை கொடுப்பதா இல்லையா என்ற வழக்கு நம் சென்னையில்தான் தொடங்கியது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சட்டப் பிரிவை எதிர்த்துப் போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. அன்று டீக்கடையில் பேப்பரைப் படித்த பலருக்கு அது ஒரு கம்பெனி வழக்கு. எனக்கு அது பூக்காட்டு அம்மாவின் மாத்திரை. மாதம் ஒரு கவுண்ட் எடுக்க வருவார், மடியில் எனக்கென்று கொஞ்சம் மல்லிகை முடிந்திருப்பார். எண்ணைச் சொன்னதும், "அப்ப இந்த மாசமும் பூ எடுக்கலாம்" என்று எழுந்து போவார். தீர்ப்பு வந்த பிறகும் வருஷக்கணக்கில் அப்படி எழுந்து போனார். நான் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு திருவிழாவில் பார்த்தேன். பேத்தியின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது லேபுகள் மாறிவிட்டன. குழாயை உள்ளே வைத்தால் ஒரு நிமிஷத்தில் இருபது எண்களைத் துப்பும் இயந்திரம் திண்டுக்கல் தெருவுக்குத் தெரு இருக்கிறது. காசுக்கு ரத்தம் வாங்குவது 1998 ஜனவரி முதல் சட்டப்படி நின்றுபோயிற்று. தட்டணுவை மட்டும் தனியே பிரித்து ஏற்றுகிறார்கள். அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் புதிது புதிதாகக் கொடுப்பவர் வேண்டும். ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஏ.டி.ஜி. என்ற மருந்தும் சைக்ளோஸ்போரினும் சேர்த்துக் கொடுத்துப் பலரை எழுப்பிவிடுகிறார்கள். உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால் வெளியாரைத் தேட வழி வந்துவிட்டது. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் முன்பின் தெரியாத நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுக்கச் சம்மதித்தவர்கள் பேர் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பொருத்தம் உள்ள அப்பா அம்மாவிடமிருந்தே எடுத்து வைக்கும் முறையும் வந்திருக்கிறது. அந்தத் தறிக்காரப் பையன் இன்றைக்குப் பிறந்திருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் அப்படிப் பேர் பதிகிற முகாமுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தார்கள். பொருத்தம் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு பெண்ணைக் கூட்டிப்போக வந்த அம்மா பதறிவிட்டாள். "நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய புள்ளம்மா. எலும்பை நோண்டிட்டாங்கன்னு தெரிஞ்சா யாரு கட்டுவா?" பல வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே பயம், வேறு வாயில். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "இப்பல்லாம் பெரும்பாலும் எலும்பைத் தொடுறதே இல்லம்மா. சில நாள் ஊசி போட்டு, மஜ்ஜையில இருக்கிற அணுவை ரத்தத்துக்கு வரவைப்பாங்க. கையில இருந்து ரத்தம் எடுக்கிற மாதிரி எடுத்து, வேண்டியதைப் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பி உடம்புக்கே விட்டுருவாங்க. கொடுத்தது கொஞ்ச நாள்ல மறுபடி ஊறிரும்" என்றேன். அந்தப் பெண்ணே, "அம்மா, நம்ம தம்பிக்கு வேணும்னா குடுப்பேல்ல?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மகளின் கையைப் பிடித்து இழுப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு தானே வரிசையைப் பார்த்து, "எனக்கு வயசு தாண்டிருச்சா?" என்று கேட்டாள்.

வசதிகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றை எட்டும் வழி இன்னமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது: கிராமத்து ஆஸ்பத்திரியில், ஒரு சொட்டு ரத்தத்தில். இயந்திரம் எண்ணைச் சொல்லும். மூன்று எண்ணும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா, அல்லது வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதா என்று நின்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். இறங்கியிருந்தால் அது பூசாரியின் ரத்தமா, தறிக்காரப் பையனின் ரத்தமா என்று பிரித்துச் சொல்ல, ஸ்மியர் போட்டுச் சாயம் ஏற்றிப் பார்க்கும் கண் வேண்டும். இன்று வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் ஸ்மியர் இழுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் சொல்லாததைச் சாயம் சொல்லும் என்று நான் போகிற இடத்திலெல்லாம் அவர்களிடம் சொல்கிறேன். சிலர் என் வீட்டுக்கே வந்து ஸ்லைடுகளைப் போட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.

படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டால், கவுண்ட் பேப்பரை வாங்கிப் பாருங்கள். ஹீமோகுளோபினோடு நின்றுவிடாமல், வெள்ளை அணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எண் ஏறவில்லை என்றால், ஈறில் ரத்தமோ தோலில் கன்றலோ விடாத காய்ச்சலோ சேர்ந்திருந்தால், டானிக் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எலும்பு மஜ்ஜை டெஸ்ட் என்று சொன்னால் பயந்து திரும்பி வராதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று அங்கேயே விசாரியுங்கள். உடம்பில் தெம்பு உள்ளவர்கள் ரத்தம் கொடுங்கள், தட்டணு கொடுங்கள், பிள்ளைகள் பதிவேட்டில் பேர் எழுதப் போனால் தடுக்காதீர்கள். அன்றைக்கு ஒரு தறித்தெரு முழுக்கக் கை நீட்டியும் போதவில்லை. இன்றைக்கு அதே மனசு இருந்தால் போதும், எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்கவைத்துவிடலாம்.